ஒழுங்கைக்கு இறங்கிய எலும்புகள்

வீதி வீதியாய் ரொட்டி விற்றுவரும் பாண்கார ஓட்டோவின் பாட்டு தூரத்தில் கேட்டாலே இன்றைக்கும் என் இடது மணிக்கட்டு விழித்துக்கொள்ளும். நோவு என்று சொல்லமாட்டேன். ஒரு சிலிர்ப்பு. சொற்களே இல்லாமல் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும் அந்தக் கிண்கிணி இசை எங்கள் கோப்பாய் ஊரின் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பும்போது நாய்கள் கூடவே ஊளையிடும், குளிக்க மறுத்து அழும் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். நான் எந்த வேலையில் இருந்தாலும் என்னையறியாமல் மற்றக் கையால் மணிக்கட்டைப் பொத்திக்கொள்வேன். பொத்தியபடியே சிரிப்பும் வரும். அந்தப் பாட்டோடுதான் நான் முறிந்தேன். அந்தப் பாட்டோடுதான் வெளியே வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம். கணவர் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பெரிய வீடு, ஐந்தாறு அறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிழல். அது என்னுடையது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரணம் நடந்த வீட்டுக்கு ஓராண்டு முடியும்வரை நல்ல காரியம் எதற்கும் சொல்லமாட்டார்கள். அது கோபமில்லை, பகையில்லை, முழுக்க முழுக்க மரியாதை. சரி, ஆண்டுத்திவசம் முடிந்ததல்லவா? முடிந்தது. ஐயர் வந்தார், சாப்பாடு நடந்தது, வாழை இலைகளை எடுத்தார்கள், எல்லோரும் போனார்கள். அதற்குப் பிறகு யார் முதலில் படி தாண்டுவது என்பதை வழக்கம் சொல்லித் தரவில்லை. நான் வருவேன் என்று அவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று நான் இருந்தேன். கல்லால் கட்டிய மதில் என்றால் கடப்பாரையால் இடிக்கலாம். மரியாதையால் கட்டிய மதிலை எந்தப் பக்கத்தால் இடிப்பது?

இன்னொன்றும் இருந்தது. முழிவியளம். காலையில் ஒரு காரியத்துக்காக வீட்டை விட்டு இறங்குகிறவர் கண்ணில் முதலில் யார் படுகிறார்கள் என்று பார்க்கிற சகுனம். பூவும் பொட்டுமாய் ஒருத்தி வந்தால் நல்லது. என்னைப்போல் ஒருத்தி வந்தால்? முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் காலை, எதிர்வீட்டு அண்ணை கந்தோர் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தவர், என்னைக் கண்டதும் எதையோ மறந்துவிட்டவர்போல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு உள்ளே திரும்பிப் போனார். எதையும் மறக்கவில்லை. உள்ளே போய், கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட்டால் சகுனம் கழிந்துவிடும். அந்த வித்தை எனக்கும் தெரியும். என் அப்பாவும் அப்படித் தண்ணீர் குடித்தவர்தான்.

அன்றிலிருந்து நான் கேற்றுக்குப் பின்னால் நின்று, ஒழுங்கை வெறுமையாகும்வரை காத்திருந்து வெளியே போகப் பழகினேன். பிறகு வெளியே போவதே குறைந்தது. பிறகு நின்றது. சந்தைக்குப் போகாதவளுக்கு மீனில்லை, கீரையில்லை. ஒருத்திக்காக என்ன உலை வைப்பது? காலையில் பாண், இரவிலும் அதே பாண், இடையில் வெறும் தேத்தண்ணி. வெக்கைக்கென்று யன்னல் சீலைகளை இழுத்துவிட்டேன். வெக்கை போனபின்னும் திறக்கவில்லை. கனடாவிலிருக்கும் தம்பி, அக்காவுக்குப் பாதுகாப்பு என்று விறாந்தையில் ஒன்றும் குசினி வாசலில் ஒன்றுமாய்க் கமரா பூட்டுவித்திருந்தான். அந்தக் கமராக்களுக்கு நான் ஒரு நல்ல பிள்ளை. கதிரையை விட்டு அதிகம் எழும்பமாட்டேன்.

நாள் முழுக்க நான் வாய் திறந்து கதைக்கிற ஒரே மனிதர் பாண்காரர். அதுவும் என்ன கதை? "ஒரு றாத்தல்." "இந்தாங்கோ அக்கா." அவ்வளவுதான்.

அன்று பாட்டு வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டது. ஓட்டோ கடந்துவிடுமே என்று அவசரமாய் இறங்கினேன். ஒரு படி. ஒரேயொரு படி. கால் இடறியது, கையை ஊன்றினேன். சுள்ளியை ஒடிக்கிற சத்தம் கேட்டது. கேற்றடியில் யாரோ விறகு முறிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பாண்காரர் என் வயதுக்காரர், கொஞ்சம் தடித்த மனிதர். கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். என் கை இருந்த கோணத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஓட்டோவின் பின்பக்கத்துப் பாண் தட்டுகள் இரண்டை இழுத்து என் விறாந்தையில் வைத்தார். தட்டிருந்த இடத்தில் என்னை இருத்தினார். மடியில் ஒரு பணிஸ் பெட்டியை வைத்து அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். ஓட்டோ புறப்பட்டது. பாட்டும் புறப்பட்டது.

"உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோ தம்பி" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிப்பாட்டினால் ஆர் அக்கா வழி விடுகிறது? அம்புலன்சுக்குச் சைரன், எனக்கு உந்தப் பாட்டு."

அவர் கணக்கில் பாதிதான் சரி. மோட்டார் சைக்கிள்கள் விலகின. ஆனால் பாண் வாங்குகிறவர்கள் விலகவில்லை. ஒவ்வொரு கேற்றாய்த் திறந்தது. காசும் பையுமாய் ஒழுங்கையை மறித்துக்கொண்டு பெண்கள்.

"றோஸ் பாண் இருக்கோ?"

"பாணும் இருக்கு, ஆளும் இருக்கு, விலகுங்கோ அக்கா!"

எட்டிப் பார்த்தார்கள். பாண் வாசனைக்கு நடுவில், தலை கலைந்து, வீட்டுச் சட்டையோடு, பணிஸ் பெட்டிக்கு மேல் ஒரு கோணல் கையோடு நான். ஒன்றரை வருடமாய் ஒருவர் கண்ணிலும் படாமல் பதுங்கித் திரிந்தவளை ஊர்வலம் வைத்து, வாத்தியமும் வாசித்துக் காட்டுவதுபோல் இருந்தது. யாரும் சகுனம் பார்க்கவில்லை. "ஐயோ, என்ன நடந்தது?" என்று கையை நீட்டினார்கள். ஒருத்தி தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையைச் சுற்றிக் கட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்குத் தெளிவாய்க் கேட்டது.

"உவ இன்னும் இஞ்சையோ இருக்கிறா? கனடாவுக்குப் போட்டா எண்டெல்லே நினைச்சனான்."

எலும்பு முறிந்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. நாலு வீடு தள்ளி இருந்துகொண்டே நான் ஊரை விட்டுப் போயிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், "எவ்வளவு உயரத்திலையிருந்து விழுந்தனீங்கள்?" என்று கேட்டார். ஒரு படி என்றேன். மறுபடி படத்தைப் பார்த்தார். ஒரு படிக்கு இந்த எலும்பு முறியக் கூடாது என்றார். பிறகு வேறு சோதனைகள். முடிவு, எலும்பு மெலிந்துபோயிருக்கிறது. முள்ளந்தண்டிலும் இடுப்பிலும்கூட.

மாவுக்கட்டு போட்டபின் விரல்களை அசைக்கப் பழக்கியவள் பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். கடல் தொழில் செய்கிற குடும்பம், தகப்பனுடைய படகில் ஏறி வளர்ந்தவளாம். குரல் காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டுப் பழகிய குரல். எனக்கு முன்னால் ஸ்ரூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எலும்பைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் வேறு என்னென்னவோ கேட்டாள். கடைசியாய் எப்போது வெயில் பட்டது? ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? யாரோடு இருந்து சாப்பிடுகிறீர்கள்? கடைசியாய் எப்போது விழுந்து விழுந்து சிரித்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் நான் மழுப்பினேன்.

"அக்கா, எலும்பு கல்லில்லை. உயிருள்ள சாமான்" என்றாள். "உள்ளுக்கை ஒரு பக்கம் உடைக்கிறவன் நிக்கிறான், மற்றப் பக்கம் கட்டுறவன் நிக்கிறான். நீங்கள் நடந்தால், பாரம் தூக்கினால், வெயில் பட்டால், நாலு சனத்தோடை இருந்து வாய்க்கு ருசியாய்ச் சாப்பிட்டால் கட்டுறவன் வேலைக்கு வருவான். கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தால் அவன் ஏன் வாறான்? உடைக்கிறவன் மட்டும் லீவு எடுக்காமல் வாறான்."

"வயசும் போகுதுதானே பிள்ளை."

"வயசும்தான். மாதத்தீட்டு நிண்டதும்தான். அதுகளை நான் மாத்தேலாது, குளிசை மருந்து தருவினம். மற்றதை எந்தக் கடையிலை வாங்குகிறது? கவலையோடை தனிய இருந்தால் அதுவும் உடம்பை உள்ளாலை அரிக்கும். சரி, கால் முறியேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப ஏன் இன்னும் இருக்கிறியள்? எழும்பி நடவுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. துக்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதை நான் ஒழுங்காய்ச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த மரியாதை என் முள்ளந்தண்டைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. என்னிடம் ஒரு சொல் கேட்காமல்.

தம்பிக்கு விசயம் போயிருந்தது. அன்று பின்னேரமே போனில் முகம் தெரிந்தது.

"அக்கா, இனி நீங்கள் அசையக் கூடாது. கண்ணாடி மாதிரி எலும்பாம்."

"ஆர் சொன்னது?"

"இன்ரநெற்றிலை வாசிச்சனான். தனிய இருக்கிறது சரிவராது. யாழ்ப்பாணத்திலை ஒரு நல்ல இடம் இருக்கு, வயது போனாக்களைப் பாக்கிற இடம். கதைச்சுப்போட்டன். ஆவணியிலை வாறன், வந்து உங்களைக் கொண்டுபோய் விட்டிட்டுத்தான் போவன். வீட்டைப் பூட்டுவம். அங்கை ஒண்டுக்கும் எழும்பத் தேவையில்லை. சாப்பாடு கட்டிலுக்கு வரும், மருந்து கட்டிலுக்கு வரும்."

"சுடலையும் கட்டிலுக்கு வருமோடா?"

படம் உறைந்ததா, அவன்தான் உறைந்தானா தெரியவில்லை. ஆனால் அவனை எனக்குத் தெரியும். என் தம்பி ஒன்றை நினைத்தால் செய்துமுடிக்கிறவன். அந்த வீட்டில், என் கால்களில் நான் தொடர்ந்து வாழ்வதா, அல்லது ஐம்பது சொச்சத்தில் ஒரு கட்டிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படுவதா என்பது ஆவணிக்குள் முடிவாக வேண்டும். போனில் வழக்காடி அதை வெல்ல முடியாது. எலும்பால்தான் வழக்காட வேண்டும்.

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெளிக்கிடுகிற நேரமாய்ப் பார்த்து, வேண்டுமென்றே, மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு ஒழுங்கையின் நடுவில் இறங்கினேன். நெஞ்சு அடித்த அடியில் கேற்றே அதிர்ந்திருக்கும். எதிர்வீட்டு அண்ணை மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். என்னைக் கண்டார். சட்டைப்பையைத் தடவினார். உள்ளே போனார்.

முன்பென்றால் நான் ஓடி ஒளிந்திருப்பேன். அன்று அங்கேயே நின்றேன். வெயில் முதுகில் ஏறட்டும் என்று நின்றேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் நின்றேன். இரண்டாம் தடவையும் முழிவியளம் நான்தான். பாவம், மனிதர் மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தார். நான் அசையவில்லை. மூன்றாம் தரமும் அவர் திரும்ப, உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"உங்களுக்கு இண்டைக்குக் கந்தோரோ, கிணறோ? எவ்வளவு தண்ணியைத்தான் குடிப்பியள்?"

அவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். நான்தான் வாய் திறந்தேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒழுங்கையில் நான் சத்தமாய்க் கதைத்த முதல் கதை அது.

"அண்ணை, நான் நாளைக்கும் வருவன். நாளையிண்டைக்கும் வருவன். செம்பை நிரப்பிக் கேற்றடியிலை வையுங்கோ, உள்ளை போற அலைச்சல் மிச்சம்."

அவர் முகம் சிவந்தது. பிறகு உதட்டோரம் ஒன்று நெளிந்தது. சிரிப்பா, எரிச்சலா என்று தெரியுமுன் மோட்டார் சைக்கிள் போய்விட்டது. ஆனால் திரும்பி உள்ளே போகாமல் போனது. அது போதும் எனக்கு.

அப்படித்தான் தொடங்கியது. சந்திவரை, பிறகு தோட்டக்காணிகளைச் சுற்றி, பிறகு சந்தைவரை. வெங்காயத் தறைகளுக்கு நடுவில் நடந்தபோது செம்மண் செருப்பில் ஒட்டி ஒட்டிப் பாரமாகும். பாரம் நல்லது என்று நடந்தேன். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டேன். முருங்கையிலை, எள்ளுருண்டை, தயிர். மாவுக்கட்டு கழன்றபின் பிடுங்கி வைத்த கிழங்குபோல் வெளிறிக் கிடந்த கையைப் பார்த்து அந்தப் பருத்தித்துறைப் பெண், பந்தை நசுக்கிப் பழகச் சொன்னாள். பந்து எனக்கு அலுத்துப்போனது. மா பிசையலாமா, முறுக்கு உரல் பிழியலாமா என்று கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமாய்ச் செய்யுங்கோ. நொந்தால் நிப்பாட்டுங்கோ. பிழிஞ்சதிலை பாதி எனக்கு" என்றாள்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். சிலர் கதைத்தார்கள். சிலர் நான் வருகிற நேரம் பார்த்து வேலிப்பக்கம் திரும்பினார்கள். நானும் சில காலைகளில் எழும்ப மனமில்லாமல், இந்த வீம்பு யாருக்காக என்று கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்திருக்கிறேன். ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் எழுப்பியது.

ஆவணியும் வந்தது. தம்பி கொழும்பில் இறங்கி, வாடகைக்கு வான் பிடித்து வந்துகொண்டிருந்தான். உடுப்புகளை அடுக்கி வைக்கச் சொல்லியிருந்தான். வெறும் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து எண்ணெய் மணம் வந்தது. கூடவே பெண்களின் சத்தம், உரல் சத்தம், சிரிப்பு. கல்யாணத்துக்கு முன் பெண்கள் கூடிச் செய்கிற பலகாரச்சூடு. எதிர்வீட்டு மகளுக்குக் கல்யாணம். ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுப் பெண்களுக்கும் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை.

அந்த மணத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். ஒருபக்கம் வெறும் பை. மறுபக்கம் சொல்லாத வீடு. பையைத் தூக்கி அலுமாரிக்குள் எறிந்தேன். முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்து, ஒழுங்கையைக் கடந்தேன். அழையாத வீட்டுக்குள் நுழைவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய மானக்கேடு என்று தெரிந்தேதான் கடந்தேன்.

பின்வளவில் பந்தல் போட்டு, பெரிய தாச்சியில் எண்ணெய் கொதித்தது. பாய் விரித்துச் சுற்றிவரப் பெண்கள். நான் நுழைந்ததும் உரல்கள் நின்றன. எதிர்வீட்டு அக்கா கையில் அகப்பையோடு என்னைப் பார்த்தபடி நின்றாள். பெண்ணின் மாமி ஒருத்தி முந்திக்கொண்டாள்.

"வந்தது சந்தோசம். அங்காலை கதிரையிலை இருங்கோவன். உங்களுக்குக் கையும் ஏலாது... பிள்ளையின்ரை நல்ல நாளும்..."

"நல்ல நாள் எண்டுதான் வந்தனான்" என்றேன். பாயில் சம்மணமிட்டு இருந்தேன். இருக்கும்போது முழங்கால் பட்டென்று சத்தம் போட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "அந்த முறுக்கு உரலை இஞ்சாலை தாங்கோ. ஆஸ்பத்திரியிலை எனக்குச் சொன்ன மருந்து உதுதான்."

தாச்சி மட்டும் கொதித்தது. எதிர்வீட்டு அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள். மாவை ஒரு பிடி எடுத்தாள், உரலுக்குள் அடைத்தாள், குனிந்து என் கையில் தந்தாள். தரும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"சொன்னால் உங்களுக்கு நோகும் எண்டுதான் சொல்லேல்லை."

"சொல்லாததிலைதான் அக்கா முறிஞ்சது."

பிழிந்தேன். மணிக்கட்டில் பழைய கம்பி ஒன்று இழுபட்டதுபோல் இருந்தது. முறுக்கு கோணலாய் விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் நேராய் விழுந்தது. எதிர்வீட்டு அக்கா அதை எடுத்து எண்ணெயில் போட்டுவிட்டு, மாமி இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "வடிவாய்ப் பொரியுது. பாருங்கோ, ஒரு குறையும் இல்லை." சத்தங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. உரல்கள், வம்பு, ஒருவரையொருவர் நக்கலடிப்பது. யாரோ என் பாண் ஓட்டோ ஊர்வலக் கதையை எடுத்துவிட்டார்கள். "றோஸ் பாண் கேட்டது நான்தான்!" என்று ஒருத்தி கையைத் தூக்கினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பந்தல் வாசலில் தம்பி வந்து நின்றான்.

முதுகில் பை, காலில் சப்பாத்து, கையில் போன். வானுக்குள் இருந்தபடி கமராவில் என்னைத் தேடியிருக்கிறான். விறாந்தையிலும் இல்லை, குசினியிலும் இல்லை. எங்கேயோ விழுந்துகிடக்கிறேன் என்று பதறிக்கொண்டு வந்திருக்கிறான்.

"அக்கா! கை!"

"கைதான் பிழியுது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா."

"உங்களுக்கு விசரோ? கண்ணாடி மாதிரி எலும்பு எண்டு..."

"இந்தா, உனக்குக் கண்ணாடி எலும்பு இல்லைத்தானே. நீ ஒருக்கால் பிழி பாப்பம்."

உரலை நீட்டினேன். இத்தனை பெண்கள் பார்க்கும்போது மறுக்க முடியுமா? வாங்கி அமத்தினான். மா வரவில்லை. இரண்டு கையாலும் அமத்தினான். முகம் வியர்த்தது, பல்லி வால் அளவுக்கு ஒரு துண்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றது.

"கனடாக்காரருக்குப் பட்டன் அமத்தத்தான் பலம்" என்றது ஒரு குரல். பந்தலே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். சிரிக்கச் சிரிக்க அவன் முகம் வேறு எங்கேயோ போவதை நான் பார்த்தேன். அழப்போகிறவன் முகம் அது.

அவன் எழும்பிப் போகவில்லை. பின்னேரம்வரை அந்தப் பாயிலேயே இருந்து, சுடச்சுட முறுக்குத் தின்று, பயற்றம் பணியாரம் பிடித்து, பிடித்ததெல்லாம் உடைந்து, திட்டு வாங்கினான். வீட்டுக்குத் திரும்பி வந்தபின்தான் சொன்னான்.

"இப்பிடிச் சனத்துக்கு நடுவிலை இருந்து எவ்வளவு காலமாச்சு அக்கா."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் வந்தது. மனைவி பிரிந்துபோனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேலையையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டதும், பனி நாட்களில் கிழமைக்கணக்கில் கதவு திறக்காததும், பெட்டியில் வருகிற சாப்பாடும் தெரியாது. மாரியில் வாசலில் வழுக்கிக் கணுக்கால் எலும்பில் வெடிப்பு விழுந்ததும், உன் எலும்பு உன் வயதைவிடக் கிழடு என்று அங்கே டொக்டர் சொன்னதும் தெரியாது. ஆம்பிளைக்கும் வருமா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினான்.

"அப்ப நீ ஏன் என்னைக் கட்டிலிலை படுக்க வைக்கப் பாத்தனி?"

"பயத்திலை. எனக்கு வேறை வழி தெரியேல்லை அக்கா." பிறகு போனை எடுத்துக் காட்டினான்: "அந்தக் கமரா உங்களைப் பாக்க எண்டு நினைச்சியளோ? நான் வேலை செய்யேக்குள்ளை அதை ஒரு பக்கத்திலை போட்டு விடுறனான். வீட்டுக்குள்ளை ஒரு ஆள் நடமாடுற மாதிரி இருக்கும்."

நான் நடமாடவே இல்லையடா என்று வாய்வரை வந்தது. இரண்டு பூட்டிய வீடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த நாள் அவனே அந்த வயது போனாக்களின் இடத்துக்குப் போன் எடுத்து, அக்கா வரமாட்டா என்று சொல்லிவிட்டான். பிறகு நின்ற நாள் முழுக்க என்னோடு தோட்டப்பக்கம் நடந்தான். மூச்சு வாங்கியது அவனுக்குத்தான்.

கல்யாணத்துக்கும் போனோம். பெண் வெளிக்கிடுகிற நேரம் அந்த மாமி என் தோளைப் பிடித்து மெதுவாய்ப் பின்னுக்குத் தள்ளினாள். நான் அதைவிட மெதுவாய் முன்னுக்கு வந்தேன். பெண்ணின் தகப்பன், அந்தத் தண்ணீர் குடித்த அண்ணை, பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் உள்ளே போகவில்லை.

இப்போது எடுத்த சோதனையில் என் எலும்பு பழையபடி ஆகிவிட்டது என்று பொய் எழுதமாட்டேன். தேய்வது நின்றிருக்கிறது என்கிறார்கள். குளிசையும் போடுகிறேன், வெயிலும் காய்கிறேன், யார் கண்ணில் எப்போது பட வேண்டுமோ அப்போது படுகிறேன். துக்கம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறேன். மனிதரைத் தாங்குவது எலும்பு என்று நினைத்திருந்தேன். எலும்பைத் தாங்குவதற்கும் நாலு மனிதர் வேண்டும் என்று முறிந்தபின்தான் தெரிந்தது. தெரிந்தபின் ஒருவருக்காகவும் ஒளிந்து நிற்பதாக இல்லை.

தம்பி திரும்பிப் போன காலை வான் ஒழுங்கையில் வந்து நின்றது. எதிர்வீட்டு அக்கா பலகாரப் பொதி ஒன்றை அவன் கையில் திணித்தாள். அவன் ஏறி, கண்ணாடியை இறக்கினான்.

"போட்டு வாறன் அக்கா. இறங்கின உடனை போன் எடுக்கிறன்."

"எனக்கு எடுக்காதை. முதல்லை பலகாரத்தைக் கொண்டுபோய் உன்ரை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு."

"அவையின்ரை பேரே எனக்குத் தெரியாதக்கா."

"தட்டு. அவையே சொல்லுவினம்."